'ஃபார்' என்பதை அழித்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்போ சி என்ற டாஸ் காலக் கம்பைலரிலிருந்து (சி புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) இன்றைய ஜிசிசி கம்பைலருக்கு மாறும் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய புரோகிராமில் பாயின்டரின் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) வகையைச் சொல்ல வரும் 'ஃபார்', 'ஹியூஜ்' இரண்டையும் வெற்று மேக்ரோவாக்கினால், அதாவது கம்பைலர் கண்ணில் படாமல் அழித்தால், கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். புரோகிராம் ஓடிவிடும் என்று அதற்குப் பொருளல்ல.

ஃபார் பாயின்டரின் 4 பைட்டில் மேல் பாதி செக்மென்ட் (நினைவகப் பகுதியின் தொடக்கம்), கீழ்ப் பாதி ஆஃப்செட் (அங்கிருந்து எவ்வளவு தள்ளி என்பது). செக்மென்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால்தான் 8086 பிராசசரில் உண்மையான முகவரி கிடைக்கும். திரையில் நேரடியாக எழுதும் புரோகிராம்களில் பி8000000 என்ற ஹெக்ஸ் எண் இருக்கும். அது செக்மென்ட் பி800, ஆஃப்செட் 0, அதாவது பி8000. 'ஃபார்' போனதும் அந்த நீண்ட எண்ணே முகவரியாகிவிடும். எண்ணைத் திருத்தினாலும் லினக்ஸ் அங்கே தொடவிடாது, புரோகிராமை நிறுத்தும் செக்மென்டேஷன் ஃபால்ட் பிழைதான். அந்தப் பகுதியை என்கர்சஸ் என்ற திரை லைப்ரரி கொண்டு புதிதாக எழுத வேண்டும். டாஸிலேயே டிஜேஜிபிபி (ஜிசிசியின் டாஸ் வடிவம்) கொண்டு ஓட்டுவதானால் அதன் டாஸ்மெம்புட் ஃபங்ஷன் போதும்.

புரோகிராம் உடனே விழுந்தால் நல்லது. சத்தமில்லாமல் தப்பாக ஓடுவதுதான் வம்பு. ஒரு கேரக்டரும் ஒரு இன்டும் (முழு எண்) கொண்ட ஸ்ட்ரக்சர் டர்போ சியில் வழக்கமாக 3 பைட், ஜிசிசியில் 8. பழைய டேட்டா ஃபைலைப் படித்தால் முதல் ரெக்கார்டிலிருந்தே குப்பை வரும். இன்டை இன்ட்16_டி (2 பைட் முழு எண்) ஆக்கினாலும் நடுவே ஒரு பைட் பேடிங் (வெற்று நிரப்பு) புகுந்து 4 ஆகும். நிரப்பு வேண்டாம் என்று சொல்ல, பேக்ட் என்றும் குறிப்பிட வேண்டும்.

64 கேபி முடிந்ததும் ஆஃப்செட் தானாக 0-க்குத் திரும்பும் என்று நம்பி எழுதிய சுற்று பஃபர், செக்மென்டாகப் பிரிக்காத ஃபிளாட் நினைவகத்தில் எல்லை தாண்டிப் போய் எழுதும். இன்டெக்ஸை 65535-உடன் 'அண்ட்' செய்தால் சரியாகும். பாயின்டரை லாங் என்ற முழு எண் வகையில் போட்டு வைப்பது 64 பிட் லினக்ஸில் தப்பிக்கும். விண்டோஸில் லாங் 4 பைட்தான், மேல் பாதி போய்விடும். பாயின்டரைத் தாங்கவே உள்ள யுஇன்ட்பிடிஆர்_டி வகையைப் போடுங்கள்.

தூக்கி எறிய வேண்டியதும் உண்டு. செக்மென்ட்:ஆஃப்செட் என்று எழுதினால் 0040:0017, 0000:0417 இரண்டும் ஒரே பைட்; ஆனால் ஃபார் பாயின்டராக ஒப்பிட்டால் வேறு வேறு என்றே டர்போ சி சொல்லும். அதற்காக எழுதிய சரிசெய்யும் ஃபங்ஷன்கள் இனி வேண்டாம்.

நல் பாயின்டரில் (எதையும் சுட்டாத பாயின்டர்) எழுதினால், டர்போ சியின் ஸ்மால் மாடல் என்ற சிறு நினைவக அமைப்பில் புரோகிராம் முடியும்போது 'நல் பாயின்டர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். லினக்ஸில் எழுதிய இடத்திலேயே விழும். அதற்குப் புது கம்பைலரைத் திட்டிப் பயனில்லை.

ஆய்வகக் கையேட்டைத் திருத்துவோர் எம்கே_எஃப்பி, எஃப்பி_செக், ஃபார்மேலாக், இன்ட்86 ஆகிய டாஸ் காலப் பெயர்களைத் தேடி, ஒவ்வொரு வரியையும் கையால் பார்த்துத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர், கோவை