டைட்டில் கார்டில் இடம் கிடைக்காதவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், தமிழ் ஐயாவுக்கும், அம்மாபேட்டைப் பாட்டிக்கும்,

வணக்கம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எங்கள் பாட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கார்டு. இசை, வரிகள், குரல், கிதார். நாலு பெயர்கள். அது திரையில் நின்ற நேரத்தில் செருப்பைத் தேடிக் காலில் மாட்டக்கூட முடியாது. இயக்குநரைக் குறை சொல்லவில்லை. சின்னப் படம், அவர் அப்பா பெயரே அதில் வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டு நாலு பேர் செய்த வேலை இல்லை. அதை ஊரறியச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

பாட்டைக் கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராக் பாலட் வகை. ஒற்றைக் கிதாரோடு மெதுவாகத் தொடங்கும். பேஸும் டிரம்ஸும் பிற்பாடு வந்து சேரும். கடைசிச் சரணத்தில் மொத்தமும் கொதித்து, பிறகு அடங்கும். ஏற்காட்டில் நடக்கிற கதையின் கடைசிக் காட்சிக்காக எழுதியது. இயக்குநர் எங்களைக் கூப்பிட்ட அன்றைக்குப் போட்டுக் காட்டியது, பிரையன் ஆடம்ஸ் 1991-ல் ராபின் ஹூட் படத்துக்காகப் பாடிய பாட்டை. படத்தில் அது கடைசியில் பெயர்கள் ஓடும்போதுதான் வரும். தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தை விட்டு நகரவே இல்லை. “அது மாதிரி வேணும், ஆனா அது மாதிரி இருக்கக் கூடாது” என்றார் இயக்குநர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். வேறென்ன செய்வது?

முதலில் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை அண்ணா. உங்கள் மாடியில்தான் நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம், வாடகை என்று நீங்கள் வாங்குவது மின்சாரக் கட்டணத்துக்கே பற்றாது. கீழே வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகு போடுகிற வேலை நடக்கும். மெருகு மிஷின் ஓடினால் மேலே டிரம்ஸ் ஸ்டாண்டு தானாக நடந்து போகும். டெமோ எடுத்த நாட்களில் மெருகு வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, சாயங்காலத்துக்குக் கைவேலையை மட்டும் ஒதுக்கினீர்கள். அதுவும் தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில். “நீங்க பாடுங்க தம்பி, நாங்க முத்து கோத்துக்கிறோம்” என்று நீங்கள் சொன்னதை எங்கள் பேஸ் கிதார்க்காரன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். டெமோவின் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் யாரோ தட்டிலிருந்து கொலுசைக் கொட்டிய சத்தம் மெல்லிசாகப் பதிவாகியிருந்தது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான்தான் எடுத்தேன். தமிழ்ப் படத்தில் கொலுசுச் சத்தம் கேட்டால் பின்னாலேயே காதலியோ பேயோ வந்தாக வேண்டும். எங்கள் காட்சியில் இரண்டு பேரும் இல்லை.

அடுத்து தமிழ் ஐயா. உங்களுக்கு ஒரு பத்தி போதாது.

எங்களை மாதிரி ராக் குழுக்கள் மெட்டு போடும்போது வாய்க்கு வந்த இங்கிலீஷையும் லாலாலாவையும் போட்டு நிரப்பிக்கொள்வோம். அதைத்தான் உங்களிடம் கொண்டுவந்தோம். நீங்கள் கேட்டுவிட்டு, “தத்தகாரம் சொல்லுங்க” என்றீர்கள். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்களே தொடையில் தட்டிக்கொண்டு ‘தானான தானானா’ என்று மெட்டை வாயால் அளந்து, நோட்டில் எழுதி, ஒவ்வொரு அசைக்கும் கீழே நேர், நிரை என்று குறித்தீர்கள். பத்தாம் வகுப்பில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்த தேமாவும் கூவிளமும் ஒரு ராக் பாட்டின் கோரஸில் வந்து உட்காரும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் டிரம்மர் இப்போது கணக்கே அப்படித்தான் சொல்கிறான். மூன்று மூன்றாக எண்ணுகிற, ஆறு தட்டு உள்ள திஸ்ர நடைக்கு அது ஒன், டூவை விட நன்றாகவே பொருந்துகிறது.

கோரஸின் உச்சியில் நான் முதலில் எழுதிய வரி, ‘நீ போன பின்னும் நிற்கும் மலை’. எழுதிப் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் மெட்டில் அந்தக் கடைசிச் சொல்லின் முதல் எழுத்துத்தான் மேல் சுரத்தில் போய் ஒரு முழு அளவு நிற்க வேண்டும். பாடகி அக்கா நீட்டிப் பாடினார். மலை மாலை ஆகிவிட்டது. “தம்பி, நீ ஏற்காட்டைப் பாடுறியா, பொழுது சாயறதைப் பாடுறியா?” என்றீர்கள். அப்புறம் நீங்கள் சொன்ன கணக்கை இன்றைக்கு வரைக்கும் மீறவில்லை. நீளமான சுரத்தில் நெடில்தான் உட்கார வேண்டும். வரியின் கடைசியில் வாய் திறந்தே இருக்க வேண்டும்: ஆ, ஏ, ஓ. ம், ன் என்றால் முணுமுணுத்து நீட்டலாம், உச்சியில் சக்தி வராது. ட், க் வந்தாலோ பாட்டு அங்கேயே கதவைச் சாத்திக்கொள்ளும். இத்தனையும் பார்த்து அந்த இடத்தில் நீங்கள் போட்டுக் கொடுத்த வரி ‘நீ போன மேட்டில் நானும் ஏறவா’. பாடகி அக்கா முதல் தடவை பாடியபோதே தொண்டை இறுகாமல் மேலே போனது.

‘உயிரே’ என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் வரிசையாக அடித்துவிட்டு, “இது இல்லாம ஒரு பாட்டு எழுதிக் காட்டுங்க, பார்ப்போம்” என்றதற்கும் தனி நன்றி. எழுதிக் காட்டிவிட்டோம் ஐயா.

பெயர் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, “பென்ஷன் வாங்கறவனுக்கு எதுக்கு சினிமாப் பேரு” என்று மறுத்துவிட்டீர்கள். 1998-ல் ஆர்மகெடான் படத்துக்காக ஏரோஸ்மித் பாடிய பாலட்டைப் பற்றி அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். அவ்வளவு பெரிய குழுவுக்கு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் வாங்கிக்கொடுத்த ஒரே பாட்டு அதுதான். எழுதியது குழுவில் யாரும் இல்லை, டயான் வாரன் என்ற பெண்மணி. ஊரெல்லாம் பாடியவர்களின் பாட்டு என்றுதான் சொல்கிறது. நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: “அந்தம்மாவுக்குக் காசு ஒழுங்கா வந்துச்சா?” அந்தம்மாவின் கணக்கை விடுங்கள், நம் நாட்டில் எப்படி என்பதற்குப் பதில் இங்கே. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, சினிமாப் பாட்டு தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும்போது வருகிற ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு, அதை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. கார்டில் பெயர் இல்லாவிட்டாலும், பாட்டைப் பதிவு செய்த தாளில் வரிகளுக்கு உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலணா வந்தாலும் அது உங்கள் நாலணா.

பம்பைக்கார அண்ணாவுக்குத் தான் செய்த உதவி தெரியாது. ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் திருவிழா நேரம். டீக்கடையில் எங்கள் டிரம்மர் போனில் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறான். கோரஸுக்குள் நுழைகிற இடத்தில் அவன் எல்லா டிரம்மையும் உருட்டி ஒரு பெரிய ஃபில் வைத்திருந்தான், அதில் அவனுக்குப் பெருமையும்கூட. பம்பைக்கார அண்ணா கேட்டுவிட்டு, “எல்லா இடத்துலயும் அடிச்சா சாமி எப்ப வரும் தம்பி? அங்க விடணும்” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துப் போய்விட்டாராம். அந்த ஃபில்லைத் தூக்கினோம். இப்போது கோரஸுக்கு முன்னால் ஒரு தட்டு முழுக்க ஒன்றுமே இல்லை, கிதாரின் அதிர்வைக்கூடக் கையால் அமுக்கிவிடுகிறோம். அடுத்த தட்டில் எல்லாமாகச் சேர்ந்து இறங்குகிறது. பாட்டைக் கேட்டு ‘சிலிர்த்தது’ என்று சொல்கிற பலர் சொல்வது அந்த இடத்தைத்தான். நாங்கள் எதையும் வாசிக்காத இடம் அது.

அதே ஆடியில், திருவிழாக் கச்சேரிகளுக்கு நடுவே எங்கள் பாடகி அக்காவை விட்டுக்கொடுத்த ஆர்கெஸ்ட்ரா ஓனர் அண்ணாவுக்கும் நன்றி. சீசனில் பாடகியை விடுவது சும்மா விஷயமில்லை.

ரெக்கார்டிங் கதைக்கு வருகிறேன். பேசி வைத்திருந்த ஸ்டுடியோ ஒன்று கடைசி நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டது. அதை விடுங்கள். எஸ்டேட் மேனேஜர் சார், பறிப்பு தொடங்குகிறவரைக்கும் காபி குடோன் சும்மாதான் கிடக்கிறது என்று நீங்கள் சொன்னதும் ஆம்னி வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது வண்டிக்குள் எல்லோரும் கும்பிட்டோம், பாதி விளையாட்டு, பாதி நிஜம். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ அது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் இங்கிருந்து வந்ததுதான். இன்றைக்கு வளைவு மட்டும் நிற்கிறது. சேலத்திலிருந்து சினிமாப் பாட்டா என்று கேட்கிறவர்களை நான் அந்த வளைவு வரைக்கும் கூட்டிப்போவேன், அதற்குமேல் விளக்கம் சொல்வதில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறக்கியதும் கிதார் சுருதியே மாறிவிட்டது. குளிரில் கம்பி சுருங்கி சுருதி ஏறும். ஈரக்காற்றில் மரம் ஊதி, கம்பி பலகையை விட்டு எழும்பும், விரல் வைத்தால் வலிக்கும். காவலாளி அண்ணா, அப்போது உங்கள் கணப்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தீர்கள். கிதாருக்கு ரொம்பப் பக்கத்தில் வேண்டாம் என்று நான் பதறியதைப் பார்த்து, “குழந்தை மாதிரி பாத்துக்கறீங்க” என்று சிரித்தீர்கள். குடோனில் கைதட்டினால் சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. காலிச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டோம். கீச்சுச் சத்தம் அடங்கியது, ஆனால் அடிக்கம்பியின் முழக்கம் அடங்கவில்லை. மெல்லிய சாக்கு கனத்த ஒலியைக் குடிக்காது. நாங்கள் போனில் வழி தேடிக்கொண்டிருந்தபோது நீங்கள் பாட்டுக்குக் காபித் தோல் மூட்டைகளைத் தோளில் போட்டுவந்து மூலைக்கு மூலை கூரை உயரத்துக்கு அடுக்கிவிட்டீர்கள். முழக்கம் நின்றது. எப்படித் தெரியும் என்று கேட்டால், “மூட்டை இருக்கறப்ப இங்க பேசினா வெளிய கேக்காதுங்க, அதான்” என்றீர்கள்.

சில்வண்டு இன்னொரு தொல்லை. சில்வர் ஓக் மரம் முழுக்க அதன் கச்சேரிதான், மைக்கைத் திறந்தால் எங்களைவிட அது நன்றாகப் பதிவானது. “பனி இறங்கட்டும், அதுங்களே அடங்கும்” என்றீர்கள். அடங்கியது. நடு இரவு தாண்டி, ஸ்வெட்டரின் கை உரசாமல் இருக்கச் சட்டையை மடித்துக்கொண்டு வாசித்ததுதான் படத்தில் நீங்கள் கேட்கிற கிதார். கேட்டீர்களா? இல்லையென்றால் தியேட்டர் டிக்கெட் எங்கள் பொறுப்பு.

எடிட்டர் சாருக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். முழுப் பாட்டில் பாதிதான் படத்தில் இருக்கிறது. முதல் சரணத்தின்மேல் அப்பாவும் மகளும் பேசுகிறார்கள். பேச்சும் பாட்டுக் குரலும் காதில் ஒரே இடத்துக்குத்தான் போட்டி போடும், இரண்டையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் புரியாது. குரல், கிதார், பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் தனித்தனி டிராக்காக நாங்கள் கொடுத்திருந்ததால், பேச்சு வரும் இடத்தில் குரலை மட்டும் எடுத்துவிட்டுக் கிதாரை ஓடவிட்டார். காட்சிக்கு அதுதான் சரி. என் சோலோவை நாலு வரியில் முடித்ததை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்புறம், அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தோடு சத்தமாகப் பேரன் டிரம்ஸைத் தட்டப் பொறுத்துக்கொண்ட பாட்டிக்கும், வேனுக்கு டீசல் போட்டுக் கணக்கே கேட்காத மச்சானுக்கும், தட்டுவடை செட் கடனில் கொடுத்த அக்காவுக்கும் வாய் நிறைய நன்றி. அக்கா, அந்தக் கடனை நோட்டில் அடித்துவிடாதீர்கள், முழுசாகத் தருகிறோம்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணா, உங்கள் மைக் ஸ்டாண்டு ஒன்றும் நீளமான கேபிளும் இன்னும் பட்டறை மாடியில்தான் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம், கடையில் இருங்கள்.

அன்புடன்,
குழுவின் கிதார்க்காரன்
செவ்வாய்ப்பேட்டை, சேலம்