பாப்பாவுக்கு, லேப்டாப் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். தம்பியும் நலம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. "எடை குறைவாக, விலையும் அதிகமில்லாமல், அன்றாட வேலைக்கு ஒரு லேப்டாப் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது அப்பா?" என்று ஒரே வரி அனுப்பியிருந்தாய். போனிலேயே இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டால் என்ன என்கிறாள் அம்மா. அதற்கு முன் நீ என்னிடம் எதையும் கேட்டே நான்கு மாதம் ஆகியிருந்தது. இப்போது கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்ததையும் விசாரித்ததையும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எடை. 14 அங்குலத் திரை உள்ளதாகப் பார். அந்த அளவில் ஒன்றே கால் கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள் நல்லவை இருக்கின்றன. 15.6 அங்குலத்துக்குப் போனால் பெரும்பாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டிவிடும். பையும் பெரிதாக வேண்டும். விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேராது என்பதை மறக்காதே. செங்கல் போன்ற சார்ஜராக இருந்தால் அதுவே கூடுதலாக நானூறு கிராம் வரை போகும். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிறதா என்று கேள். 65 வாட் டைப்-சி சார்ஜர் சிறியதாகவே கிடைக்கிறது, உன் போனுக்கும் அதையே போடலாம். ஒன்று கெட்டுப்போனாலும் வேறு நிறுவனத்துடையதை வாங்கிச் சமாளிக்க முடியும்.

அலுவலகத்தில் உனக்குக் கொடுத்தது சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ இருக்கும் என்று அன்று தூக்கிப் பார்த்தபோதே சொன்னேன். அந்த நீலப் பையின் வார் உன் இடது தோளில் பதித்த தடத்தைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. இனி அதைத் தூக்க வேண்டியதில்லை என்றால் எங்களுக்கு நிம்மதிதான்.

அலுவலகத்து லேப்டாப் இருக்கும்போது சொந்தமாக ஒன்று எதற்கு என்று அம்மா கேட்டாள். சொந்த வேலைக்கு அதைத் தொடக்கூடாது என்பது அவர்களுடைய விதி என்று நீ முன்பு சொன்னதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். உன்னிடம் நான் அதைக் கேட்கவில்லை.

அடுத்தது பிராசஸர், லேப்டாப்பின் மூளை. பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்காதே. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7520யூ என்று ஒன்று இருக்கிறது. 7000 என்று தொடங்குவதால் புதியது என்று தோன்றும். வெளிவந்தது 2022இல்தான், ஆனால் உள்ளே இருப்பது 2019இல் வந்த பழைய வடிவமைப்பு. அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 2 என்றால் பழையது, 3 என்றால் அதற்கு அடுத்தது, 4 இன்னும் புதியது. இன்டெல் நிறுவனத்தின் என்100 போன்ற பிராசஸர்கள் மின்சாரம் குறைவாக எடுக்கும், விலையும் குறைவு. கடிதம் எழுதவும் மின்னஞ்சல் பார்க்கவும் அது போதும் என்பார்கள். உனக்குப் போதாது. ஒரே நேரத்தில் முப்பது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் வீடியோவிலும் பேசுகிறவள் நீ. இன்டெலில் ஐ3 அல்லது அதற்கு மேல், ரைசனில் புதிய வடிவமைப்பு உள்ளது, இவற்றுக்குக் கீழே போகாதே.

வீடியோ என்றதும் நினைவு வருகிறது. நீ முகத்தைக் காட்டிப் பேசி எத்தனை நாளாகிறது என்று அம்மா கணக்கு வைத்திருக்கிறாள். கேமரா கெட்டுவிட்டது என்றாய். போனில் கேமரா இருக்கிறதே பாப்பா. அதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று எழுதவில்லை. 720பி என்று போட்டிருக்கும் கேமராவில் முகம் தெளிவாகத் தெரியாது. 1080பி உள்ளதாகப் பார்த்து வாங்கு.

ரேம், அதாவது திறந்து வைத்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம், 16 ஜி.பி. வாங்கு. 8 ஜி.பி. போதும் என்று கடையில் சொன்னால் இன்றைக்குப் போதும் என்று பொருள். மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு ஒன்றைக் கழற்றி வேறொன்றைப் போட வழி கிடையாது. வாங்கும் நாளில் எவ்வளவு இருக்கிறதோ கடைசிவரை அவ்வளவுதான். பணம் இடித்தால் பிராசஸரில் ஒரு படி இறங்கு, திரையில் ஒரு படி இறங்கு. ரேமில் இறங்காதே.

கோப்புகளை வைக்கும் சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான வகையாக இருக்க வேண்டும். 512 ஜி.பி. நல்லது, 256 என்றாலும் சமாளித்துவிடலாம். இ.எம்.எம்.சி. என்ற மெதுவான வகையைப் போட்டிருந்தால் அந்த லேப்டாப் எவ்வளவு மலிவாக இருந்தாலும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கையால் தொடாதே.

இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

நீ கேட்ட மறுநாளே அலமாரியின் மேல்தட்டிலிருந்து உன் பழைய லேப்டாப்பை இறக்கினேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது நான் வாங்கிக் கொடுத்தது. அன்றும் நான் கடையில் கேட்டவை இதே இரண்டுதான்: எடை குறைவு, விலை குறைவு. உன்னைக் கூட அழைத்துப் போகவில்லை. விற்றவர் ஒரு கையால் தூக்கிக் காட்டினார், வாங்கிவிட்டேன். வீட்டில் நீ பெட்டியைப் பிரித்தபோது அம்மாவிடமும் தம்பியிடமும் எவ்வளவு பெருமையாகப் பேசினேன் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சார்ஜ் போட்டு, திறக்க ஏழு நிமிடம் காத்திருந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 4 ஜி.பி. ரேம். பெட்டியில் 32 ஜி.பி. என்று போட்ட இ.எம்.எம்.சி. சேமிப்பகம், உள்ளே காட்டுவது 28தான். அதில் விண்டோஸ் மட்டுமே ஏறக்குறைய 20ஐ எடுத்துக்கொண்டிருக்கிறது. புதுப்பிப்பு வரும்போதெல்லாம் இறக்கி வைக்க இடம் கேட்கும், இடம் இருக்காது, பாதியில் நின்று போகும், மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பழுது பார்க்கிறவரிடம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். வாங்கிய நாளிலிருந்தே இது இப்படித்தான் இருந்திருக்கும், யார் கையில் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்றார்.

நீ சொன்னாய். வாங்கிய மூன்றாவது மாதமே சொன்னாய், மெதுவாக இருக்கிறது அப்பா என்று. இறுதி ஆண்டு ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, இடமில்லை என்று காட்டி எதையும் சேமிக்க மறுத்தபோது, அழுதுகொண்டே அதை என் முன்னால் கொண்டு வந்து வைத்தாய். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. படமும் சினிமாவுமாக நிரப்பி வைத்திருப்பாய் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று, தம்பியும் அத்தையும் இருக்கும்போது சொன்னேன்.

இப்போது எண்ணிப் பார்த்தேன் பாப்பா. ஒரு சினிமாகூட இல்லை. உன் படங்கள் மொத்தம் அறுபத்து மூன்று. எல்லாம் சேர்த்து 190 எம்.பி., ஒரு ஜி.பி.யில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பதினேழு படங்கள் தம்பியுடையவை. நான்கில் நான் செய்தித்தாளை மார்பில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். நீ எடுத்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் நீ கல்லூரிக் கணினிக்கூடத்தில் உட்கார்ந்து, அவர்கள் பூட்டும் நேரம் வரை தட்டச்சு செய்து, அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தாய். வகுப்பிலேயே இரண்டாவது இடம். அதை நான் சொல்லாத ஆள் இல்லை. அதன் பிறகு அந்த லேப்டாப்பைப் பற்றி நீ ஒரு குறையும் சொல்லவில்லை. கண்டித்ததால்தான் ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டாய் என்று நான் நினைத்தேன். இத்தனை ஆண்டுகள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரவுக்குப் பிறகு எதுவும் கெட்டுப்போனது என்று நீ என்னிடம் வந்து சொன்னதே இல்லை. காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்ததைக் குணமான பிறகு சொன்னாய். அந்த அறையைக் காலி செய்ததை வேறு அறைக்குப் போன பிறகு சொன்னாய். "எல்லாம் சரியாக இருக்கிறது அப்பா" என்பதை உன் வாயில் வைத்தவன் நான்தான். தவறு என்னுடையது. லேப்டாப்பில் ஒன்றும் உன் தவறில்லை. அத்தையிடமும் தம்பியிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

திரையில் ஐ.பி.எஸ். என்று போட்டிருக்கிறதா என்று பார். டி.என். என்ற வேறு வகைத் திரை பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வெளுத்துப் போகும். வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வேலை செய்யலாம். கண்ணை இடுக்க வேண்டாம். 1920க்கு 1200 என்ற அளவுள்ள திரை கிடைத்தால் ஒரு பக்கத்தில் இன்னும் சில வரிகள் கூடத் தெரியும். பேட்டரிக்கு "15 மணி நேரம் வரை" என்று எழுதுவதை நம்பாதே. எத்தனை வாட்-மணி என்று கேள். சாதாரண எழுத்து வேலைக்கு 7 வாட் போகும் என்று வைத்துக்கொண்டால் 50 வாட்-மணி உள்ளது ஏழு மணி நேரம் தாங்கும். கணக்கு அவ்வளவுதான். எப்போதும் மின்சாரத்தில் செருகியே வைத்திருப்பாய் என்றால், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பலவற்றில் இருக்கிறது, அதைப் போட்டுவிடு. பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். விசைப்பலகையில் விளக்கு இருந்தால் நல்லதுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தட்டச்சு செய்ய அது சாக்கு ஆகக்கூடாது.

ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் ஏர் ஒன்றே கால் கிலோதான், அதற்குள் மின்விசிறிகூட இல்லை, சத்தமே வராது. புதியது நம் கணக்கைத் தாண்டும். பயன்படுத்தியதை வாங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாடிட்யூட், எலைட்புக் போன்ற லேப்டாப்கள் உறுதியானவை. சிலவற்றில் ரேமையும் மாற்ற முடியும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். பேட்டரியை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசு. முடிவு செய்யும் முன் கையில் தூக்கிப் பார், ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார். ரேம் 16 என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

பணத்தைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். அத்தை விஷயத்துக்காக எடுத்து வைத்திருந்தது இனித் தேவைப்படாது, அது உனக்குத் தெரியும். எவ்வளவு என்று மட்டும் சொல். திருப்பித் தருகிறேன் என்று பேசாதே.

இன்னொன்று. வேலை நேரத்தில் கூப்பிட்டால் நீ போனை எடுக்க மாட்டாய், எங்களுக்கும் அது பழகிவிட்டது. சென்ற புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, உன் எண்ணைத் தவறுதலாகத் தொட்டுவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாய். பின்னால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கை பட்டுவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

வரும் புதன்கிழமையும் பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன். அம்மா அந்த நேரத்தில் வெளியே போயிருப்பாள். எடு. லேப்டாப் பற்றி மட்டும் பேச வேண்டுமானால் லேப்டாப் பற்றி மட்டும் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா