கலகப் பாட்டுக்கு நாலு கிதார் கார்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராக் பாடல் வரிகளைக் 'கலகக் குரல்' என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஏகத்துக்கும் புகழ்ந்திருந்தீர்கள். அந்தக் குரல் தயாராகும் விதத்தையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடலாம்.

இ மைனர், சி, ஜி, டி. நாலே கார்டு (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு), எட்டு பாரில் (தாளச் சுற்றில்) ஒரு சரணம். எதிரிக்குப் பெயர் வைக்கக் கூடாது. 'அவர்கள்', 'சுவர்', 'இயந்திரம்' என்றால் போதும். பெயர் வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். கூலி இவ்வளவு என்று தொகையைச் சொன்னால் இரண்டு வருஷத்தில் பாட்டு பழசாகிவிடும். மழை, நெருப்பு, நெடுஞ்சாலை மூன்றில் இரண்டு கட்டாயம். மூன்றாவது சரணத்துக்கு முன்னால் கிதாரை நிறுத்தி டிரம்மை மட்டும் விட்டால் கூட்டம் தானாகக் கை தட்டும். கடைசிப் பல்லவியை ஒரு கட்டை ஏற்றிவிட்டால், எதை எதிர்த்தோம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பக்குவத்தில் இறக்கிய பாட்டு ஷூ விளம்பரத்துக்கும் பொருந்தும்.

சும்மா சொல்லவில்லை. பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' (புரட்சி) 1968இல் வந்தது. 1987இல் நைக்கி ஷூ விளம்பரத்தில் ஓடியது. (பீட்டில்ஸ் தரப்பு வழக்குப் போட்டது, அது தனிக்கதை.) வரிகளைக் கவனியுங்கள். சிங்கிளாக (தனித் தட்டாக) வந்த வேகமான வடிவத்தில், அழிவு வேலை என்றால் என்னைச் சேர்க்காதே என்கிறார் அதைப் பாடிய ஜான் லெனன். அதே ஆண்டு ஆல்பத்தில் வந்த மெதுவான வடிவத்தில் 'சேர்க்காதே' என்ற கையோடு 'சேர்த்துக்கொள்' என்றும் பாடுகிறார். புரட்சிக்கு அவர் வருவாரா மாட்டாரா என்பது நீங்கள் எந்த இசைத்தட்டை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது! 1971இல் 'இமேஜின்' பாட்டில் உடைமையே இல்லாத உலகைக் கற்பனை செய்யச் சொன்னார். அதைப் படமாக்கியது இங்கிலாந்தில் ஆஸ்காட் அருகே அவருக்கே சொந்தமான மாளிகையில், வெள்ளை கிராண்ட் பியானோவில்.

அதே பீட்டில்ஸுக்கு ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'டாக்ஸ்மேன்' (1966) பணக்காரரின் வருமான வரிப் புலம்பல்தான். ஆனாலும் அதில் கணக்கு இருக்கிறது: இருபதில் பத்தொன்பது அரசுக்கு, ஒன்று உனக்கு. பெயரும் இருக்கிறது: அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் வில்சன், எதிர்க்கட்சித் தலைவர் ஹீத் இருவரையுமே இழுக்கிறார்கள். தன் பையில் கை வைத்ததால்தான் கத்துகிறேன் என்பதை ஒளிக்காத பாட்டு. என் கணக்கில் இது அந்தக் கலகப் பாட்டுகளைவிட நேர்மையானது.

பாசாங்கைச் சரியாகக் கிண்டலடித்தவர் அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். 1970 அக்டோபர் 1 அன்று, சமூக அரசியல் முக்கியத்துவம் வாய்ந்த பாட்டு என்று பீடிகை போட்டுவிட்டு, வாத்தியமே இல்லாமல், கடவுளிடம் பென்ஸ் காரும் கலர் டிவியும் கேட்டுப் பாடினார். இரண்டு நிமிஷம்கூட ஓடாது. நண்பர்களெல்லாம் போர்ஷே ஓட்டுகிறார்களே என்று அதில் அழுகிறார். உடம்பெல்லாம் வண்ணச் சித்திரம் தீட்டிய போர்ஷே வைத்திருந்தவரே அவர்தான். கிண்டலுக்குள் தன்னையும் நிறுத்திக்கொண்டார், அதனால்தான் அது சுடுகிறது. பாடி மூன்று நாள் கழித்து இறந்துபோனார். 1995இல் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் அதே பாட்டைத் தன் கார் விளம்பரத்தில் போட்டது.

இப்படிக்கு,
கிதார் கற்பிக்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்