அந்த ஆறு மணி நேரம் பற்றி, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக நம் கும்பகோணத்து வாட்ஸ்அப் குழுக்களில் எங்கள் டிராவல்ஸைக் குறைசொல்லிச் சுற்றிக்கொண்டிருக்கும் குரல்பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் எனக்கே அனுப்பி, "என்ன சார் இது?" என்று விசாரித்தீர்கள். கேட்டதற்கு நன்றி. கேட்காமலே முடிவுக்கு வந்தவர்களும் இருப்பார்கள். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபது வயது தாண்டிய தம்பதி, மெல்போர்னில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. வீல்சேர் சொல்லியிருந்தோம். இருக்கையைப் படுக்கையாக விரித்துப் படுக்கலாம் என்று மகன் பிரியத்தோடு பிசினஸ் கிளாஸ் எடுக்கச் சொன்னார். சென்னையிலிருந்து மெல்போர்னுக்கு நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, பாங்காக் என்று எங்காவது மாறியே ஆக வேண்டும். இரவில் ஏறி, இடையில் ஓர் ஊரில் இறங்கி, ஆறு மணி நேரம் கழித்து அடுத்த விமானம் பிடிப்பதுபோல் டிக்கெட் போட்டுக் கொடுத்தோம். "கமிஷனுக்காக வயசானவர்களை ஏர்போர்ட்டில் உட்காரவைத்துவிட்டார்கள்" என்பதுதான் பதிவில் வருகிற பேச்சு.

இந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எழுபது நிமிடத்தில் மாறும் டிக்கெட்டும் அன்று இருந்தது. விலையில் வித்தியாசமே இல்லை. பயணி எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அதற்காக எங்களுக்கு யாரும் ஒரு ரூபாய் தருவதில்லை. எழுபது நிமிடம் போதும் என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லும். ஆனால் வீல்சேர் பயணிகளை எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள். அதிலேயே இருபது நிமிடம் போய்விடும். அடுத்த விமானத்தின் கதவைப் புறப்பாட்டுக்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். மீதி முப்பது நிமிடம். அதற்குள் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடை. சென்னையில் முதல் விமானம் அரை மணி தாமதமானால் கதை முடிந்தது. ஒரே டிக்கெட் என்பதால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், சரி. ஆனால் அதில் பிசினஸ் கிளாஸ் இடம் காலியாக இருக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த படுக்கையை விட்டுவிட்டு, அம்மா மடங்காத முழங்காலோடு எகானமியில் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்து போக வேண்டிவரும். அதற்கு பயந்துதான் ஆறு மணி நேரம் போட்டேன். இடையில் பிசினஸ் கிளாஸ் பயணிகளுக்கான ஓய்விடமான லவுஞ்ச் உண்டு, குளிக்கலாம், சூடாகச் சாப்பிடலாம், காலை நீட்டி உட்காரலாம். என் தாயாராக இருந்தாலும் இதே டிக்கெட்டைத்தான் எடுத்திருப்பேன்.

செயலியில் பதினெட்டாயிரம் குறைவாக இருந்தது என்றும் பதிவில் வருகிறது. நானும் பார்த்தேன். அவை இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியும் பெரும்பாலும் நேராகப் போய்ச் சேராது. இடையில் வெளியே வந்து எடுத்து மறுபடியும் போட வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். வயதானவர்களுக்கு ஒரே பி.என்.ஆர்., அதாவது முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் வரும் டிக்கெட்தான் கொடுப்பேன் என்பதில் நான் பிடிவாதக்காரன். இதைச் சொல்லிச் சில வாடிக்கையாளர்களை இழந்தும் இருக்கிறேன்.

முதல் விமானத்தில் இருக்கை முழுப் படுக்கையாக விரியவில்லை என்பது உண்மை. கடைசி நேரத்தில் பழைய விமானத்தை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். பிசினஸ் கிளாஸ் என்று டிக்கெட்டில் இருந்தாலும் எல்லா விமானத்திலும் ஒரே இருக்கை கிடையாது. சிலவற்றில் ஒரு வரிசைக்கு 1-2-1 என்று அமைப்பு, அதாவது ஜன்னலோரம் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு, யாரையும் தாண்டாமல் எழுந்துபோகலாம். சிலவற்றில் 2-3-2, நடுவில் மாட்டிக்கொண்டால் சிரமம். விமான மாற்றத் தகவல் எங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. மின்னஞ்சலைப் பார்த்துவந்த எங்கள் அலுவலகப் பெண் திருமணமாகி ஊர் மாறிவிட்டதால் அது கவனத்துக்கு வராமல் போனது, வருந்துகிறேன்.

இதையொட்டி இன்னொரு விஷயம், எல்லோருக்கும் பயன்படும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வானத்தில் நாலு மணி நேரம் சொச்சம்தான். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால். ஏறியதும் சாப்பாடு, இறங்குமுன் காலை உணவு என்றால் தூக்கம் இரண்டு மணி நேரம் தேறினால் அதிகம். லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு, எழுப்ப வேண்டாம் என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். முழு இரவும் தூங்க வேண்டுமென்றால் நீளமான விமானம் இரவில் வரும்படி பாருங்கள். கொழும்பு வழியில் அது பெரும்பாலும் அமையும். சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், அப்புறம் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரே நீட்டாக. இரண்டு விமானத்தில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அந்த நீண்ட பகுதிக்கு மட்டும் பிசினஸ் எடுங்கள்.

விலை ஏறியதற்கும் என்னைத்தான் கேட்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. எகானமிக்கு அதே 5தான். அடிப்படைக் கட்டணம் இரண்டு லட்சம் என்றால் வரி மட்டும் 24,000 இருந்தது 36,000 ஆகிறது. அதில் எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை. காகித டிக்கெட் நின்ற 2008-ஐ ஒட்டித்தான் விமான நிறுவனங்கள் எங்களைப் போன்றவர்களுக்குத் தந்துவந்த கமிஷனையும் நிறுத்த ஆரம்பித்தன. இன்று நாங்கள் நடத்துவது உங்கள் சேவைக் கட்டணத்தில்தான். அடுத்த மாதம் முதல் அது 1,500-க்குப் பதில் 2,500.

இனி ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று நாள் முன்பு விமானம் மாறியிருக்கிறதா, இருக்கை அதேதானா என்று நானே பார்த்து உங்களுக்குப் போன் செய்வேன்.

இரவு இரண்டு மணிக்கு வாசல் தட்டி, மாமியார் இறந்துவிட்டார், விடிவதற்குள் துபாயிலிருந்து பிள்ளை வர வேண்டும் என்று நின்றவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பேரன் பிறந்ததற்கு முதல் இனிப்பு எங்கள் கடைக்குக் கொண்டுவந்தவர்களும் நீங்கள்தான். இந்தப் பத்து நாளில் ஒருவர்கூட டிக்கெட்டை ரத்துசெய்யவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அந்த ஐயாவும் அம்மாவும் மார்ச்சில் திரும்புகிறார்கள். விமானத்தை நேற்று இரவும் பார்த்தேன். 1-2-1 அமைப்புதான், முழுப் படுக்கை. மாறினால் மகனுக்கு முதல் போன் என்னிடமிருந்துதான் போகும்.

அன்புடன்,
உங்கள் டிராவல்ஸ்காரர்,
மகாமகக் குளம் அருகில், கும்பகோணம்