எல்லோர் விதியும் ஒரே விதியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கிரேக்க, கெல்டிக் தெய்வங்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை அரியாங்குப்பத்தில் ஒரு டீக்கடையில் படித்துவிட்டு, மறுபடி படிக்க வேண்டும் என்று தோன்றியதால் தனியாக ஒரு பேப்பரும் வாங்கிக்கொண்டு வந்தேன். ராசிபலனுக்கும் மனை விற்பனை விளம்பரத்துக்கும் நடுவில் இப்படி ஒரு விஷயத்துக்கு இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை கடைசியில் போய் நிற்கிற இடம்தான் இடிக்கிறது. நமக்குப் பிரம்மா தலையில் எழுதுகிறார், கிரேக்கர்களுக்கு மூன்று கிழவிகள் நூல் நூற்கிறார்கள், பழைய ஐரோப்பாவின் கெல்டிக் மக்களுக்கு ட்ரூயிட் பூசாரிகள் நாள் குறிக்கிறார்கள், ஆகவே உலகம் முழுக்க விதி நம்பிக்கை ஒன்றுதான் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கதைகளுக்குள் போய்ப் பார்த்தால் அப்படி இல்லை.

கிரேக்கர்களையே எடுத்துக்கொள்வோம். அந்த மூன்று கிழவிகளில் க்ளோத்தோ உயிர் நூலை நூற்பாள், லாக்கெசிஸ் அளந்து கொடுப்பாள், அட்ரோபோஸ் அறுப்பாள், இது சரி. ஆனால் இந்த மூன்று பேரும் தெய்வங்களின் அரசனான ஜீயஸுக்குக் கீழா மேலா என்று கேட்டால் கிரேக்கர்களிடமே ஒரு பதில் கிடையாது. ஹெசியட் என்ற பழைய புலவர் தெய்வங்களின் பிறப்பைப் பாடும்போது ஒரு இடத்தில் இவர்களை இரவு என்னும் தேவியின் பெண்கள் என்கிறார், அதே பாட்டில் பின்னால் போனால் ஜீயஸின் பெண்கள் என்கிறார். இரவின் பெண்கள் என்றால் ஜீயஸ் பிறப்பதற்கு முன்பே இருந்தவர்கள், ஜீயஸின் பெண்கள் என்றால் அவர் வீட்டுப் பிள்ளைகள். இரண்டையும் அழிக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்.

ட்ராய் நகரத்துப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் 16ஆம் பாகத்தில் இதைவிட அருமையான இடம் ஒன்று வருகிறது. ஜீயஸின் சொந்த மகன் சர்பிடான் லிசியா நாட்டின் தலைவனாக ட்ராய் பக்கம் நின்று சண்டை போடுகிறான், கிரேக்க வீரன் பட்ரோக்லஸ் கையால் சாக வேண்டும் என்பது அவன் விதி. அப்பா மனசு கேட்கவில்லை, பிள்ளையைக் களத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய் அவன் ஊரிலேயே விட்டுவிடலாமா என்று ஜீயஸ் யோசிக்கிறார். அப்போது அவர் மனைவி ஹீரா உன்னால் முடியாது என்று சொல்வதில்லை. செய்துகொள், ஆனால் மற்ற தெய்வங்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம், நாளைக்கு ஒவ்வொருவரும் தன் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்புவார்கள் என்கிறாள். ஜீயஸ் அடங்கிவிடுகிறார். மகனுக்காக பூமியில் ரத்தத் துளிகளை மழையாகப் பெய்கிறார், அவன் செத்த பிறகு உறக்கமும் மரணமும் என்ற இரட்டையரை அனுப்பி உடலை லிசியாவுக்குச் சேர்க்கிறார். அவ்வளவுதான் செய்கிறார்.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரருக்கு உடனே என்ன ஞாபகம் வரும்? திருக்கடையூர். கடலூரிலும் புதுச்சேரியிலும் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வேன் பிடித்துக்கொண்டு அங்கே போகிறோமே, எதற்கு? பதினாறு வயது என்று எழுதியிருந்த மார்க்கண்டேயனுக்காகச் சிவன் யமனையே காலால் உதைத்த இடம் என்பதற்காக. அங்கே யாரும் சிவனிடம் வந்து மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்கவில்லை. கும்பிடுகிறவனுக்காகச் சட்டத்தை உடைக்கிற தெய்வத்துக்கும், சட்டம் கெட்டுவிடும் என்று பெற்ற பிள்ளையைச் சாக விடுகிற தெய்வத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. நம் பக்கத்திலேயே ஒரு குரல்தானா என்றால் அதுவும் இல்லை, ஊழிற் பெருவலி யாவுள என்று கேட்ட அதே வள்ளுவர்தான் ஊழையும் உப்பக்கம் காண்பர் என்றும் எழுதினார்.

கிரேக்கக் கதைகளிலும் தெய்வம் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பது உண்டு. பழைய வரலாற்று ஆசிரியர் ஹெரோடோடஸ் சொல்லும் லிடியா அரசன் க்ரீசஸ், பாரசீகத்தோடு போருக்குப் போகலாமா என்று டெல்பியில் உள்ள அப்போலோ கோயிலில் குறி கேட்டான். போனால் ஒரு பெரிய பேரரசு அழியும் என்று பதில் வந்தது. போனான், அழிந்தது அவன் பேரரசு. பிறகு டெல்பிக்கு ஆள் அனுப்பி, இவ்வளவு காணிக்கை வாங்கிக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டதற்கு, விதியைத் தெய்வமும் மீற முடியாது, உனக்காக அப்போலோ வீழ்ச்சியை மூன்று வருடம் தள்ளி வைத்தார் என்று விளக்கம் கிடைத்தது. (ஓலைச்சுவடி பார்த்துப் பலன் சொல்கிறவர்களிடம் போய்வந்தவர்களுக்கு இந்தப் பேச்சின் சாமர்த்தியம் புரியும்.)

அடுத்து கெல்டிக் விஷயம். இங்கேதான் கட்டுரை ரொம்ப வழுக்குகிறது. "ட்ரூயிட்களின் வேதநூல்களில்" என்று ஒரு இடத்தில் வருகிறது, அப்படி எதுவும் கிடையாது. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் கோல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பக்கம், அங்கே இருந்தவர்களும் கெல்ட்கள்தான்) போர் நடத்தியபோது எழுதிய குறிப்பில், ட்ரூயிட்கள் தங்கள் போதனையை எழுதி வைப்பதில்லை, மனப்பாடம்தான், சிலர் 20 வருடம் வரை படிக்கிறார்கள் என்று சொல்கிறார். கணக்கு வழக்குக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார்களாம், போதனைக்கு மட்டும் எழுத்து ஆகாது. அதனால் இன்று நம் கையில் இருப்பது ரோமானியர்களும் கிரேக்கர்களும் வெளியிலிருந்து பார்த்து எழுதியதும், அயர்லாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்தவம் வந்து பல நூறு வருடம் கழித்து எழுதிவைத்த கதைகளும்தான். அயர்லாந்துக் கதைகள் உள்ள பழைய ஏடு ஒன்று 1100 வாக்கில் க்ளோன்மக்நாய்ஸ் மடத்தில் எழுதப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் கூஹுலின் என்ற வீரனின் பெரிய கதையைப் படியெடுத்த ஒருவர், முழுசாக எழுதி முடித்துவிட்டு, கீழே லத்தீனில் இதையெல்லாம் நான் நம்பவில்லை, சிலது பேய்களின் ஏமாற்று, சிலது புலவர்களின் கற்பனை, சிலது முட்டாள்கள் ரசிக்க எழுதியது என்று குறிப்பு வைத்திருக்கிறார். நம்பாமலேயே இவ்வளவு பக்கம் கை வலிக்க எழுதினாரே, அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. ஆனால் கெல்ட்கள் இப்படி நம்பினார்கள் என்று அடித்துச் சொல்லும் முன் நடுவில் இப்படிப்பட்ட கைகள் இருந்ததை வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அந்தக் கதைகளில் விதி எப்படி வேலை செய்கிறது? நூலும் இல்லை, தலையில் எழுத்தும் இல்லை. பெரிய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் சில விலக்குகள் இருக்கும், அதற்கு கெஷ் என்று பெயர். இதைச் செய்யக் கூடாது, இங்கே போகக் கூடாது, இதைச் சாப்பிடக் கூடாது. கூஹுலின் சின்னப் பையனாக இருந்தபோது கூலன் என்ற கொல்லனின் காவல் நாயைக் கொன்றுவிட்டு, அதற்கு ஈடாக இன்னொரு நாய் வளரும்வரை நானே காவல் இருக்கிறேன் என்றான், அதனால் கூலனின் நாய் என்று பெயர் வந்தது, நாய்க்கறி அவனுக்கு விலக்கு. இன்னொரு விலக்கும் உண்டு, அடுப்படியைக் கடந்து போகும்போது அங்கே தரும் சாப்பாட்டை மறுக்கக் கூடாது. கடைசிப் போருக்குப் போகிற வழியில் மூன்று கிழவிகள் நாய்க்கறி வாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் தாண்டிப் போகப் பார்க்கிறான், பெரிய விருந்தாக இருந்தால் நின்றிருப்பாய், ஏழை அடுப்பு என்பதால் போகிறாய் என்று குத்திக் காட்டுகிறார்கள். சாப்பிட்டால் ஒரு விலக்கு உடையும், சாப்பிடாவிட்டால் இன்னொன்று. வாங்குகிறான், வாங்கிய இடது கை பலம் இழக்கிறது. அப்புறம் காயம்பட்டு, விழுந்து சாகக் கூடாது என்று ஒரு நடுகல்லில் தன்னைக் கச்சையால் கட்டிக்கொண்டு நின்றபடி சாகிறான், தோளில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்த பிறகுதான் எதிரிகள் கிட்டே வருகிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 அயர்லாந்துக் கிளர்ச்சியின் நினைவாக டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் வைத்திருப்பது இந்தக் கோலத்துச் சிலைதான்.

நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய கூத்து பார்த்தவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், இது கர்ணன் கதை மாதிரி இருக்கிறதே என்பார்கள், தலையெழுத்து என்று சொல்ல மாட்டார்கள். இல்லை என்று சொல்ல முடியாதவன், அந்தணன் வேஷத்தில் வருபவன் இந்திரன் என்று சூரியன் முன்கூட்டியே எச்சரித்தும் கவசத்தை அறுத்துக் கொடுத்தவன், தாய் கேட்டாள் என்று நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன். இரண்டு பேரையும் கொல்வது அவரவர் பெருமைதான். கட்டுரையாளர் ஒப்பிட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை, இப்படி ஒப்பிட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

ஆனால் ஒப்பிட்ட பிறகு எங்கே பிரிகிறது என்றும் பார்க்க வேண்டும். கர்ணனுக்கு நடப்பதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும், பரசுராமர் சாபம் ஏன் வந்தது, தேர்ச்சக்கரம் ஏன் புதைந்தது என்று கேட்டால் கதை பதில் வைத்திருக்கும். சிலப்பதிகாரத்தில் கோவலன் அநியாயமாக வெட்டுப்பட்டதற்குக்கூட, முற்பிறப்பில் அவன் பரதன் என்பவனாக இருந்து சங்கமன் என்ற வணிகனைக் கொலைக்குக் காட்டிக்கொடுத்தான், சங்கமன் மனைவி நீலி சாபமிட்டாள் என்று பின்னால் கணக்குக் காட்டப்படுகிறது. நமக்கு வரவு செலவு நேராக வேண்டும். அயர்லாந்துக் கதையில் பல விலக்குகளுக்குக் காரணமே சொல்வதில்லை, பூர்வ ஜென்மக் கணக்கும் இல்லை.

கொனரி மோர் என்ற அரசன் கதையைப் பாருங்கள். அயர்லாந்து அரசர்களின் இடமான தாராவை வலமாகச் சுற்றக் கூடாது, சிவப்பு மனிதர் மூவர் உனக்கு முன்னால் சிவப்பனின் வீட்டுக்குப் போகக் கூடாது, பொழுது சாய்ந்த பிறகு ஒற்றையாக வரும் பெண்ணையோ ஆணையோ உள்ளே விடக் கூடாது, இப்படி ஒரு பட்டியல். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. அவன் நல்ல அரசன், ஆனால் கொள்ளையடித்த வளர்ப்புச் சகோதரர்களைக் கொல்ல மனம் வராமல் நாடு கடத்துகிறான், அங்கிருந்து ஒவ்வொன்றாக உடைகிறது. சிவப்புக் குதிரையில் சிவப்பு உடையில் மூன்று பேர் முன்னால் போகிறார்கள், கூப்பிட்டும் நிற்பதில்லை. டா டெர்கா என்பவனின் விடுதியில் தங்குகிறான் (விலக்கில் வந்த சிவப்பன் இவன்தான்), ராத்திரி ஒற்றையாக ஒரு பெண் வந்து வாசலில் நிற்கிறாள், விலக்கு என்கிறான், ஒருத்திக்குச் சோறும் இடமும் இல்லாத அரசனா என்கிறாள், விடுகிறான். நாடு கடத்தப்பட்டவர்களே கடற்கொள்ளையரோடு வந்து விடுதிக்குத் தீ வைக்கிறார்கள், இருந்த தண்ணீரெல்லாம் தீயை அணைக்கவே போய்விடுகிறது. தாகத்தில் துடிக்கும் அரசனுக்காக மாக் கெஹ்ட் என்ற வீரன் கோப்பையோடு ஆறு ஆறாக ஓடுகிறான், அயர்லாந்தின் ஆறுகள் எதுவும் தண்ணீர் தருவதில்லை. எப்படியோ கொண்டுவந்து சேர்க்கும்போது தலை வெட்டப்பட்டுக் கிடக்கிறது. வெட்டுப்பட்ட தலையின் வாயில் தண்ணீர் ஊற்றுகிறான், தலை அவனைப் பாராட்டிப் பேசுகிறது.

தலையைச் சொன்னதும் இன்னொன்று. கோல் மக்கள் எதிரித் தலைகளைப் பாதுகாத்து வைத்ததை "காட்டுமிராண்டித்தனம்" என்று ஒரு வார்த்தையில் கட்டுரை தள்ளிவிட்டது. தலையை வைத்துக்கொண்டது உண்மைதான், தேவதாரு எண்ணெய் பூசி வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள் என்று கிரேக்க ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வேல்ஸ் கதையில் ப்ரான் என்ற அரசனின் வெட்டுப்பட்ட தலை கூட இருந்தவர்களோடு வருடக்கணக்கில் பேசிக்கொண்டு விருந்தில் இருக்கிறது, பிறகு எதிரி வராமல் நாட்டைக் காக்க லண்டனில் புதைக்கப்படுகிறது. சித்திரையில் கூவாகத்துக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் கூத்தாண்டவரைப் பார்க்கப் போகிற ஊர்க்காரர்கள் நாம். களப்பலியான அரவானின் தலை பதினெட்டு நாள் போரையும் பார்த்தது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தலை என்பது வெறும் கொடூரமா வேறு ஏதாவதா என்று யோசிக்கத் தெரியும்.

மறுபிறப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்மா அழியாமல் இன்னொருவரிடம் போகிறது என்று ட்ரூயிட்கள் போதித்ததாக சீசர் எழுதுகிறார், சாவுக்கு அஞ்சாமல் சண்டை போட அது உதவியது என்பது அவர் கருத்து. அதை வைத்து அவர்களும் நம்மைப் போலவே கர்மவினையை நம்பினார்கள் என்று எழுதுவது தாவல். வினைப்பயன் என்ற பேச்சே சீசரிடம் கிடையாது. மறு உலகத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லி கோல் மக்கள் கடன் கொடுத்து வாங்கியதாக ஒரு ரோமானியர் எழுதியிருக்கிறார். நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிக்காரர்கள் காதில் இது விழாமல் இருக்க வேண்டும்.

புதுச்சேரிக்காரனாக ஒரு வருத்தமும் உண்டு. பிரெஞ்சு ஆட்சி நடந்த நாடுகளில், நம் மூதாதையர் கோல் மக்கள் என்று பள்ளிப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தது பிரசித்தம். அந்த கோல் மக்கள்தான் இந்தக் கெல்ட்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த மதுச்சாடிகள் கிடைத்தன, அது எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இவ்வளவு வைத்துக்கொண்டு இந்தக் கதைகளை எங்கோ வெளிநாட்டு வேடிக்கை என்று மட்டும் எழுதுவானேன்?

கடைசியாக ஒரு கோரிக்கை. சிறுவர் பக்கத்தில் ஹெர்குலிஸ் கதையே திரும்பத் திரும்ப வருகிறது, அடுத்த முறை கொனரி கதையைப் போடுங்கள். படம் வரைகிறவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், தலை தண்ணீர் குடித்த பிறகுதான் பேசும், அதற்கு முன்னால் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
அரியாங்குப்பம், புதுச்சேரி.