அழுது தீர்க்காத இழப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில், தோட்டப்புற இளைஞர்களின் குடியையும் தற்கொலையையும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டின் ‘மரண உந்துதல்’ கொள்கையைச் சொல்லிவிட்டு, அழிவைத் தேடுவது மனித இயல்பு என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். என் மனம் ஒப்பவில்லை.

1920இல் அந்தக் கருத்தை வெளியிட்டபோது, இது ஊகம்தான் என்று பிராய்டே எழுதினார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள், தங்களை உலுக்கிய காட்சியையே கனவில் திரும்பத் திரும்பக் கண்டார்கள். மனம் இன்பத்தையே நாடுகிறது என்ற அவருடைய பழைய விளக்கம் அதற்குப் போதவில்லை; அதனால்தான் இந்த ஊகம். உளப்பகுப்பாய்வாளர் சபீனா ஸ்பீல்ரைன் 1912இலேயே அழிவும் ஆக்கமும் பிணைந்தவை என்று எழுதியிருந்தார். உங்கள் கட்டுரையாளர் அவர் பெயரையும் சொல்லியிருக்கலாம். பிராய்டின் சீடர் வில்ஹெல்ம் ரைக்கே இக்கொள்கையை எதிர்த்தார். துன்பத்தின் காரணத்தைச் சமூகத்தில் தேட வேண்டும் என்பது அவர் வாதம்.

சரி, பிராய்டை விட்டுவிட வேண்டியதில்லை. துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு 1917இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் நம் ஊருக்குப் பொருந்துகிறது. ஆள் சாவது மட்டும் இழப்பல்ல. நாடு, சுதந்திரம், இலட்சியம் போவதும் இழப்பே என்கிறார். எதை இழந்தோம் என்றே விளங்காதபோது, அதன் மேல் உள்ள கோபம் தன் மேலேயே திரும்புகிறது.

சுங்கை சிப்புட்டைச் சுற்றி வந்தால் இது புரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது, தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்தது. அடுக்குமாடிக்கு வந்த குடும்பம் சாமி படத்துக்கு இடமில்லாமல் ஐஸ்பெட்டி மேல் வைத்திருக்கிறது. அப்பா பஸ் நிலையத்துக்குப் பின்னால் சம்சு என்னும் மலிவுச் சாராய பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். “எதுக்கும் லாயக்கில்லாதவன் நான்” என்று தன்னையே திட்டிக்கொள்வார். தோட்டத்தை விற்றவர்களை அவர் ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை. இதைப் போய் இயல்பு என்று எழுதினால், பெற்றவர்கள் விதி என்று கைவிட்டுவிடுவார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. இனி போலீசுக்குப் பயந்து பிள்ளையை வீட்டிலேயே மறைத்து வைக்க வேண்டாம். தைரியமாக மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம். இது தெரியாத வீடுகள் இங்கே நிறைய. இத்தகைய கட்டுரையை அடுத்த முறை வெளியிடும்போது இச்செய்தியையும், மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் உதவி எண்ணான 03-76272929ஐயும் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்