மரமும் திண்மந்தானே? தரம் 8 பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தத் தவணைப் பரீட்சையின் விஞ்ஞான விடைத்தாள்களை ஆசிரியரோடு சேர்ந்து நானும் பார்த்தேன். "திண்மம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், திரவம் குறைவாக, வாயு மிகக் குறைவாக" என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். பொதுவாக அது சரி. ஆனால் "மரமும் திண்மந்தானே, பிறகு ஏன் சட்டிக்கு மரக் கைபிடி போடுகிறோம்?" என்ற கேள்விக்குப் பலர் ஒன்றும் எழுதவில்லை. அது எனக்குக் கவலை தந்தது.

திண்மம் என்பதால் மட்டும் ஒரு பொருள் நல்ல கடத்தியாகிவிடாது. செம்பிலும் அலுமினியத்திலும் சுயாதீனமாக ஓடித்திரியும் இலத்திரன்கள் (அணுவிலுள்ள மிகச் சிறிய துகள்கள்) வெப்பத்தைச் சட்டென்று மறுமுனைக்குக் கொண்டுபோகும். மரத்தில் அப்படிப்பட்ட இலத்திரன்கள் இல்லை. ஒரு மூலக்கூறு அதிர்ந்து அடுத்ததை அசைத்துத்தான் வெப்பம் நகர வேண்டும். போதாததற்கு மரத்தின் நுண்துளைகளில் காற்றும் இருக்கிறது. ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்பதன் அளவான வெப்பக் கடத்தாற்றைச் சொல்வதென்றால், செம்புக்குச் சுமார் 400, நீருக்கு 0.6, காற்றுக்கு 0.025. உலர்ந்த மரம் 0.1 முதல் 0.2 வரைதான். திண்மமான மரம் திரவமான நீரைவிட மோசமான கடத்தி!

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும்: அதுவும் நல்ல கடத்தி அல்ல. சென்ற வாரம் ஆய்வுகூடத்தில் ஒரு சோதனைக் குழாயின் அடியில் ஐஸ்கட்டியைக் கம்பிவலையால் அமிழ்த்தி வைத்து, மேற்பகுதி நீரை மட்டும் சூடாக்கினோம். மேலே நீர் கொதிக்கிறது, அடியில் ஐஸ் அப்படியே கிடக்கிறது. பிள்ளைகள் நம்ப முடியாமல் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் பானை நீர் முழுவதும் சூடாவதற்குக் காரணம் நாம் அடியிலிருந்து எரிப்பதுதான்: சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்குகிறது. அது மேற்காவுகை, கடத்தல் அல்ல. இந்த இரண்டையும்தான் பிள்ளைகள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள்.

கச்சான் காற்று வீசும் நாட்களில் தகரக் கூரையின் கீழ் இருக்க முடிவதில்லை, கிடுகுக் கூரையின் கீழ் இருக்கலாம். தகரம் வெயிலின் சூட்டை உடனே உள்ளே கடத்திவிடும். கிடுகின் அடுக்குகளுக்குள் அகப்பட்ட காற்று அதைத் தடுக்கும். மீன்காரரின் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நீண்ட நேரம் கரையாதிருப்பதும் அதற்குள் அகப்பட்ட காற்றினால்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு மாலை, நீங்கள் பக்கத்தில் இருக்க, சூடான நீருள்ள கோப்பையில் ஓர் உலோகக் கரண்டி, ஒரு பிளாஸ்டிக் கரண்டி, ஒரு சிரட்டை அகப்பை மூன்றையும் நிறுத்தி வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பிள்ளை அவற்றின் மேல்நுனிகளைத் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் அதிகாலையில் இரும்புக் கட்டிலையும் மர வாங்கையும் தொடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும், ஆனாலும் இரும்பு குளிரும். அது நம் கையின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. விடையை நீங்கள் முதலில் சொல்லிவிட வேண்டாம். பிள்ளை தனக்குத் தோன்றிய காரணத்தைத் தன் சொந்த வார்த்தைகளில் ஒரு தாளில் எழுதட்டும். பிழையாக இருந்தாலும் திருத்தாமல் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். நான் எல்லாவற்றையும் வாசிப்பேன்.

அன்புடன்,
அதிபர்
மட்டக்களப்பு